எத்தனை பேரைச் சுட்டீங்க, தாத்தா?

சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? முதல் நாள் ராத்திரியே பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு வைப்போம். காலையில் ஊக்கு குத்திக் கொடியை மாட்டி அனுப்புவோம். மிட்டாயைச் சப்பிக்கொண்டு திரும்பி வருவார்கள். அதற்கப்புறம் டி.வி., சிறப்பு நிகழ்ச்சி, பட்டிமன்றம். அத்தோடு தேசபக்தி முடிந்தது! நானும் போன ஆகஸ்ட் மாதம் வரை இப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு என் மகன் கேட்ட ஒரு கேள்விதான் என் கண்ணைத் திறந்தது. சகோதரிகள் யாருக்காவது உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு திண்டுக்கல் டவுனில், மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில். என் கணவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மூத்தவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் நாலாம் வகுப்பு. மாமனார், மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்து, 1990இல் ஹவில்தாராக ஊர் திரும்பியவர். பிறகு ஒரு பேங்கில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மாமாவின் பட்டாளத்து வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன? விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். படுக்கை விரிப்பைக் கத்தி வைத்தாற்போல் மடிப்பார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் முகம் சுளிப்பார். கட்டிலுக்கடியில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, பூட்டியே கிடக்கும். கூப்பிட்டால் பல சமயம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "மாமாவுக்கு வீம்புக் காது. வேண்டியது மட்டும் கேட்கும்" என்று என் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தைப் பார்த்ததிலிருந்து சின்னவனுக்கு மிலிட்டரி என்றால் உயிர். 2014இல் காஷ்மீரில் உயிர் கொடுத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை அது. "நான் முகுந்தாத்தான் போவேன்" என்று ஒரே பிடிவாதம். கடையில் 350 ரூபாய் வாடகைக்குப் பச்சைத் திட்டுப் போட்ட உடுப்பு, தொப்பி, பிளாஸ்டிக் துப்பாக்கி எல்லாம் எடுத்து வந்தோம்.

காலையில் உடுப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் ஓடினான். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அவன் வைத்த சல்யூட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"விரல் எல்லாம் ஒட்டி இருக்கணும்டா. உள்ளங்கை முன்னால தெரியணும். முழங்கை தொங்கக் கூடாது" என்று கையைப் பிடித்துத் திருத்தினார்.

அப்போதுதான் அவன் கேட்டான்: "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பதிலுக்காக நானும் ஆவலாகக் காத்திருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மத்தியானம் பாயசம் வைத்தேன், தொடவில்லை. சாயங்காலம் சின்னவன் இரண்டாம் பரிசுக் கிண்ணத்தோடு ஓடிப் போய்க் காட்டியபோதும் தலையை மட்டும் ஆட்டினார்.

"தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலம்மா" என்று குழந்தை அழுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படியில் பாத்திரத்தை 'ணங்'கென்று வைத்தேன். "குழந்தை ஆசையாக் கேட்டதுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன அத்தை, குறைஞ்சா போயிடுவாங்க?" என்றேன்.

முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லச் சொல்றே தாயி?" என்று ஆரம்பித்தவர், அன்று ராத்திரி வரை பேசினார்.

அவர்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சோளம்கூட வராது. பதினெட்டு வயசில் மாமா பட்டாளத்தில் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு யுத்தம். டாக்காவில் எதிரிப் படை சரணடைந்த பிறகு லீவில் வந்தவரை, பஸ் நிற்கிற இடத்திலேயே மாலை போட்டு, மேளம் கொட்டி அழைத்துப் போனதாம் ஊர்.

"அதெல்லாம் அப்போ. சிலோனுக்குப் போயிட்டு வந்தப்போ ஒரு நாதி இல்லை" என்றார் அத்தை.

1987 ஜூலை 29ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போயிற்று. "நம்ம சனத்தைக் காப்பாத்தப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமாவும் கிளம்பினாராம். ஆனால் அக்டோபரில் நிலைமை மாறிவிட்டது. விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்தில் தெருத் தெருவாகச் சண்டை. நடுவில் மாட்டிக்கொண்ட தமிழ்ச் சனங்களும் செத்தார்கள். நம் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

அத்தை இங்கே இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். இன்லண்டு லெட்டரில் அனுப்புகிற விலாசத்தில் ஊர்ப் பேரே இருக்காதாம். பட்டாளத்துத் தபால் நம்பர் மட்டும்தான். இரண்டு மாதம் லெட்டர் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வெளியே ஓடுவாராம். அதே மணி வீட்டு வாசலில் நின்றுவிட்டால் தந்தியாக இருக்குமோ என்று கால் நடுங்குமாம். கடைசியில் வந்த லெட்டரில், 'சிறு காயம், கவலை வேண்டாம்' என்று எழுதியிருந்தது. கண்ணிவெடியில் வண்டி சிக்கிவிட்டது. மாமாவுக்கு இடது காது போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதர் அங்கேயே இறந்துவிட்டார்.

வீம்புக் காது என்று நான் கேலி செய்தேனே, அந்தக் காதுதான்!

1990 மார்ச் 24ஆம் தேதி அமைதிப் படையின் கடைசிப் பிரிவு திரிகோணமலையிலிருந்து புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் போகவில்லை என்பது சரித்திரம். ஈழத்தில் தமிழர்கள் செத்த வேதனை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருந்த காலம் அது. மாமா தனியாக ரயிலேறி, திண்டுக்கல்லில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்து நடந்தே வீட்டுக்கு வந்தாராம். கொஞ்ச நாளில், ஏழாவது படித்த என் கணவரைப் பள்ளியில் ஒரு பையன் "உங்கப்பன் தமிழனைச் சுட்டவன்தானே?" என்று கேட்க, இவர் அடித்துக்கொண்டு சட்டை கிழிந்து வந்திருக்கிறார். காரணத்தைக் கேட்ட மாமா ஒன்றும் பேசவில்லை. உடுப்பு, மெடல் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்குப் பூட்டியதுதான்.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பேரனும் அதையேதான் கேட்டான்" என்றார் அத்தை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவரிடம் கேட்டேன், "ஏங்க, இத்தனை வருஷத்தில் என்கிட்டக்கூடச் சொல்லலையே?" "எதைச் சொல்றது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குழந்தையின் மேல் தப்பில்லை. சினிமாவும் விளையாட்டும் அவனுக்கு அப்படித்தான் கற்றுக் கொடுத்திருக்கின்றன. நாமும் வேஷம் போட்டு, துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டோம். சரி, இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"போன வருஷம் விளையாட்டில் நீ தள்ளிவிட்டு உன் சிநேகிதனுக்குப் பல் உடைஞ்சுதே, ஞாபகம் இருக்கா?"

"ம். நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும்டா. அப்புறம் ராத்திரியெல்லாம் அழுதியே. அதை யாராவது சிரிச்சுக்கிட்டு, 'எத்தனை பல்லுடா உடைச்சே'ன்னு கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாவும் அழுதிருப்பாங்களா?" என்றான். "இருக்கும்" என்றேன். தாத்தாவின் இடது காதைப் பற்றியும், கூட இருந்த சிநேகிதரைப் பற்றியும் பயமுறுத்தாமல் நாலு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அது போதும்.

சாயங்காலம் பார்க்கிறேன், தாத்தாவின் வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, "தாத்தா, அந்தக் காது வலிக்குமா?" என்று கேட்கிறான். மாமா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "வலிக்காதுடா. உள்ளே விசில் ஊதின மாதிரி இருந்துக்கிட்டே இருக்கும். ராத்திரியில ஜாஸ்தியாக் கேக்கும்" என்றார். பதினேழு வருஷத்தில் நான் கேட்காத விஷயம்! பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். பெரிய வெடிச்சத்தத்தில் உள்காதின் நுண்ணிய உணர் செல்கள் அழிந்துவிடுமாம், அவை மறுபடி முளைக்காதாம். அந்த இரைச்சலும் அதனால்தான். படுக்கும்போது மின்விசிறியோ, சன்னமாக ரேடியோவோ ஓடினால் இரைச்சல் அவ்வளவு தெரியாது என்றார் டாக்டர். இப்போது மாமாவின் கட்டிலருகே ஒரு சின்ன ரேடியோ. அதை வைப்பது சின்னவன் பொறுப்பு.

மூத்தவள் விடவில்லை. பெரிய பெண் அல்லவா, புத்தகத்திலும் போனிலும் தேடிப் படித்துவிட்டு வந்து, "அப்போ தாத்தா போன சண்டை சரியா, தப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் கணவர்தான் சொன்னார்: "போகச் சொன்னவங்க டில்லியில இருந்தாங்க. அது சரியா தப்பான்னு நீ படிச்சு, யோசிச்சு முடிவு பண்ணு. தாத்தா போனாங்க, காது கேக்காமத் திரும்பி வந்தாங்க. அதுக்கு நாம கொடுக்க வேண்டிய மரியாதை வேற." அவர் அப்பாவைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் மூத்தவள் போனை எடுத்து வந்து மாமாவிடம் காட்டினாள். டில்லியில் 2019இல் திறந்த தேசிய போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்த வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இலங்கையில் இறந்தவர்கள் பெயரும் உண்டு. 1987 நவம்பரில் அங்கே இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நம் தமிழர்தான். அந்தப் பட்டியலில் மாமாவின் சிநேகிதர் பெயரையும் தேடி எடுத்திருந்தாள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பேரின் மேல் விரலை வைத்தார். "இனிஷியல் சரியாப் போட்டிருக்காங்க" என்றார்.

டிசம்பர் 7 கொடி நாள் வந்தது. வழக்கமாகப் பள்ளியில் கொடியைக் கொடுத்துக் காசு வாங்கி வரச் சொன்னால், "இது வேறயா" என்று முனகிக்கொண்டே பத்து ரூபாய் கொடுப்பேன். இந்த வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்து விவரம் சொன்னேன். 1949இலிருந்து நடக்கிறது இந்தக் கொடி நாள். கொடியில் உள்ள சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. அந்தக் காசு, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்றவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் போகிறது. சாதாரண சிப்பாய்கள் பலரும் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கிற வயசு, வீட்டுக்கடன், எல்லாம் அதற்கப்புறம்தான். அதனால்தான் பேங்க் வாசலிலும் கம்பெனி கேட்டிலும் அவர்களைப் பார்க்கிறோம். இதைச் சொன்னதும் சின்னவன் தன் உண்டியலிலிருந்து இருபது ரூபாய் எடுத்துப் போட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரையாண்டு லீவில் சின்னவனோடு படிக்கும் ஒரு பையன் விளையாட வந்தான். திண்ணையில் முறுக்குக் கொடுத்து உட்கார வைத்தேன். மாமா, "எந்த ஊருடா தம்பி?" என்று கேட்டார்.

"தோட்டனூத்து, தாத்தா. அம்மாச்சிக்கு யாழ்ப்பாணம்."

எனக்குத் 'திக்'கென்றது. எங்கள் ஊரை ஒட்டிய தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022இல் அரசாங்கம் 321 புது வீடுகள் கட்டிக் கொடுத்த இடம். இதற்குள் சின்னவன், "எங்க தாத்தா மிலிட்டரிடா" என்று வேறு பெருமையாகச் சொல்லிவிட்டான். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ, மாமா என்ன சொல்வாரோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். "அம்மாச்சி நல்லா இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க. முட்டிதான் வலிக்குதாம்."

"அவங்க ஊர்ல தண்ணின்னு கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்கடா. துலா போட்டுக் கிணத்துல இறைச்சுக் கையில ஊத்துவாங்க. நானும் குடிச்சிருக்கேன்" என்றார். பையன் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்த சிறுமலைப் பழத்தில் ஒரு சீப்பு கொடுத்தனுப்பச் சொன்னார். அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பையன் இப்போதும் வருகிறான்.

ஜனவரி 26க்கு வகுப்பாசிரியை மாமாவைப் பேசக் கூப்பிட்டார். "நான் என்னத்தைப் பேசறது?" என்று மறுத்துவிட்டார். சின்னவன்தான், "நீங்க பேச வேணாம் தாத்தா, சும்மா வந்து உக்காருங்க" என்று அழைத்துப் போனான். அவருடைய நல்ல காது மைக் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். கொடியேற்றியபின் மாமா தானாகவே எழுந்தார். சிநேகிதரின் பெயரைச் சொன்னார். "வீட்டிலிருந்து எள்ளுருண்டை வந்தா எனக்குப் பாதி கொடுத்துட்டுத்தான் சாப்பிடுவான். அவன் திரும்பி வரலை. நான் வந்துட்டேன். யாரும் சண்டைக்குப் போகாத மாதிரி நீங்க நல்லாப் படிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிள்ளைகள் கைதட்டவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இளம் தாய்மார்களே, நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பட்டும் திருந்தியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேஷம் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வேஷத்தை நிஜமாகப் போட்டவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு வணக்கம் சொல்ல வையுங்கள். 'எத்தனை பேரைச் சுட்டீங்க' என்று கேட்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஊரில் இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், குளிர் எப்படி இருந்தது, கூட யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். பதில் வந்தால் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். காது மந்தமா, முட்டிவலியா, அதற்குத் தக்கபடி நடக்கப் பழக்குங்கள். அவருக்காகக் காத்துக் கிடந்த அம்மாவையும் மறக்க வேண்டாம். எங்கள் அத்தையிடம் இத்தனை வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே!

2016லிருந்து ஜனவரி 14ஆம் தேதியை முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. நமக்கு அன்றைக்குப் போகியோ பொங்கலோ வந்துவிடும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. போகட்டும், வருகிற பொங்கலுக்குப் பானையில் பால் பொங்கியதும், அந்தத் தெருக்கோடி மிலிட்டரித் தாத்தா வீட்டுக்கு ஒரு கிண்ணம் உங்கள் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சாவி இருக்கிற இடத்தை மட்டும் மாமா சின்னவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்.